வெள்ளையம்மாளின் இரண்டாம் பேறு

மலையடிவாரத்தில் குழலம்மை ஒரு பேறுகால வீடு நடத்திவந்தாள். தில்லை அங்கே மாணவி. கணவன் இறந்த பிறகு மருத்துவச்சித் தொழில் கற்க வந்தவள், குருவைவிட வயதில் மூத்தவள். அதனால் குருவே அவளை அக்கா என்றுதான் அழைப்பாள்.

அன்று தில்லை கோபத்தோடு வந்தாள்.

"வெள்ளையம்மாளுக்கு இது நிறைமாதம். இங்கே வரமாட்டாளாம். தங்கையைத் துணைக்கு வைத்துக்கொண்டு வீட்டிலேயே பெற்றுக்கொள்வாளாம். போன முறை நாம் இல்லாவிட்டால் அவள் பிழைத்திருப்பாளா, அம்மா?"

குழலம்மை மருந்து இடித்துக்கொண்டிருந்தாள்.

"போன முறை என்ன நடந்தது, அக்கா?"

"பிள்ளை குறுக்கே கிடந்தது. வயிற்றுக்குள்ளேயே இறந்துபோனது. எடுத்தோம். உதிரம் நிற்காமல் போயிற்று. நிறுத்தினோம். தாயைக் காப்பாற்றினோம்."

"சரி. என்ன நடந்தது என்று அவளிடமும் கேட்டுவிட்டு வாருங்கள்."

தில்லை போனாள். வெள்ளையம்மாள் அவளை உள்ளே கூப்பிடவில்லை. நிலைப்படியில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"கதவைச் சாத்தினீர்கள். காலை அழுத்திப் பிடித்தீர்கள். எதற்கென்று யாரும் சொல்லவில்லை. பிள்ளை ஏன் அழவில்லை என்று கேட்டுக்கொண்டே கிடந்தேன். நீங்கள் உங்களுக்குள் பேசிக்கொண்டீர்கள்."

"உன் உயிர் போய்க்கொண்டிருந்தது, வெள்ளையம்மா."

"அது எனக்குத் தெரியாதே. நீங்கள்தான் பிள்ளையைத் துணியில் சுற்றி எடுத்துப் போனீர்கள். ஒரு பாதம் மட்டும் வெளியே தெரிந்தது. பெண் பிள்ளை என்று பிறகு என் மாமியார் சொன்னாள்."

"பார்த்தால் தாங்கமாட்டாய் என்றுதான்…"

"பார்க்காமல் தாங்கிவிட்டேனா?"

தில்லை திரும்பி வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. வந்தவள் சுவரோரம் உட்கார்ந்தாள்.

"அவள் வேறு ஏதோ பேற்றைச் சொல்கிறாள், அம்மா. நான் அங்கே இல்லவே இல்லாதது போல இருந்தது."

"இருந்தீர்கள்" என்றாள் குழலம்மை.

"இந்த முறையும் உதிரம் போனால்? அந்தத் தங்கைக்கு என்ன தெரியும்? செத்துப்போவாள்."

"செத்தும் போகலாம்."

"அவளை எப்படி இங்கே வரவழைப்பது?"

"அவள் எதற்கு வர வேண்டும்? மருந்துப் பையை எடுத்துக்கொண்டு நீங்கள் போங்கள்."

"உள்ளே விடமாட்டாள்."

"விடாவிட்டால் வாசலில் இருங்கள். கூப்பிட்டால் காது கேட்கும் தூரத்தில் இருந்தால் போதும்."

தில்லை எழுந்தாள். பையில் துணிகளை மடித்து வைத்தாள். வைத்ததையே எடுத்து மறுபடி மடித்தாள்.

"நான் கிளம்பும்போது ஒன்று கேட்டாள், அம்மா. இந்தப் பிள்ளையாவது தங்குமா என்று. என்ன சொல்வதென்று தெரியாமல் தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன்."

குழலம்மை உலக்கையைச் சுவரில் சாய்த்துவைத்தாள்.

"தங்குமா? உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அதைப் போய்ச் சொல்லுங்கள்."