மண்டபத்துப் போஸ்டரின் எட்டாவது தப்பு

"ஒண்ணு அந்தக் கருவி இங்க இருக்கோணும், இல்ல நான் இருக்கோணும். ரெண்டுல ஒண்ணு சொல்லிருங்க மேடம்" என்றார் பொன்னுரங்கம்.

ஈரோட்டில் ஒரு விளம்பர அலுவலகத்தில் டிசைனர் அவர். வயது ஐம்பது. தலைமை டிசைனர் ஜமீலாவுக்கு முப்பத்து நாலு. போஸ்டரில் எதைச் சேர்ப்பது என்று எல்லோரும் சொல்வார்கள். எதை எடுத்துவிடுவது என்று சொல்லிக் கொடுத்தது ஜமீலாதான். அதனால் பொன்னுரங்கம் அவரை மனதுக்குள் குருவாக வைத்திருந்தார். கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் வைத்திருந்தார்.

கருவி என்பது செயற்கை நுண்ணறிவு. வேண்டியதை ஒரு வரியில் எழுதினால் அரை நிமிடத்தில் நாலு படம் போட்டுத் தரும். அது அலுவலகத்துக்குள் வந்த நாளிலிருந்து பொன்னுரங்கம் அதைச் சந்தேகத்தோடுதான் பார்த்தார். அவ்வளவு சீக்கிரம் வேலையை முடிக்கிறவன் எவனும் யோக்கியனாக இருந்து அவர் பார்த்ததில்லை.

ஜமீலா வாதாடவில்லை. புதிதாகத் திறக்கப் போகும் ஒரு கல்யாண மண்டபத்தின் போஸ்டர் வேலையை எடுத்து அவரிடம் கொடுத்தார். படத்தைக் கருவி போடட்டும், மிச்சத்தை நீங்கள் செய்யுங்கள் என்றார்.

"அது தப்பாப் போட்டா?"

"கண்டுபிடிச்சுச் சரி பண்ணுங்கண்ணா. முடிச்சு, பொறுப்பு நான்னு கையெழுத்துப் போட்டுக் கொண்டாங்க. அன்னிக்கு பதில் சொல்றேன்."

மூன்று நாள் தேடினார்.

சந்தேகப்பட ஆரம்பித்தால் அதற்குக் கரை ஏது? முதலில் விரல்களை எண்ணினார். மாப்பிள்ளைக்குப் பத்து, பெண்ணுக்குப் பத்து, சரி. அது சரியாக இருந்ததே அவருக்கு உறுத்தியது.

பிறகு ஒவ்வொன்றாகச் சிக்கின. மாப்பிள்ளை தாலியைக் கையில் ஏந்தியிருக்கிறான். பெண்ணின் கழுத்தில் ஏற்கெனவே ஒரு தாலி கிடக்கிறது. பந்தியில் வாழை இலையின் நுனி சாப்பிடுகிறவருக்கு வலப்பக்கம் இருக்கிறது. நாதஸ்வரக்காரர் வாத்தியத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு பல்லைக் காட்டுகிறார். இப்படி ஏழு. மாப்பிள்ளையின் அம்மா மருமகளைப் பார்த்து மனம் நிறையச் சிரித்துக்கொண்டிருந்ததையும் சந்தேகப்பட்டார். நடக்கக்கூடியதுதான் என்று கடைசியில் விட்டுவிட்டார். 

ஏழையும் திருத்தினார். கையெழுத்தைப் போட்டார். அவருக்கு அவ்வளவு சந்தோஷம். இனி அந்தக் கருவி ஒழிந்தது என்றே நினைத்தார்.

போஸ்டரை ஜமீலாவின் மேஜையில் விரித்து, ஏழு தப்பையும் விரல் வைத்துக் காட்டினார். மத்தியானம் அச்சுக்குப் போக வேண்டியது, மொத்தம் நாலாயிரம். ஊரெல்லாம் ஒட்டப் போகிறார்கள்.

"இலையத் திருப்பிப் போட்டா பந்தியில எவன் உக்காருவான் மேடம்? மண்டபத்துக்காரர் இதப் பாத்திருந்தா நம்ம மானம் போயிருக்கும்."

"ஆமாங்கண்ணா. போயிருக்கும்."

"இத எப்படி நம்பறது?"

"நம்பக் கூடாதுங்கண்ணா" என்றார் ஜமீலா. "நல்லாத் தேடிட்டீங்களா?"

"கண்ணுல வெளக்கெண்ணெய ஊத்திக்கிட்டுப் பாத்தாச்சுங்க."

"எங்கெங்க?"

"அது கை வெச்ச எடம் பூராவும்."

ஜமீலா தலையாட்டினார். போஸ்டரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கைபேசியை எடுத்தார். போஸ்டரின் அடிப்பகுதியில் மண்டபத்தின் பெயர், விலாசம், முன்பதிவுக்கான நம்பர். அந்த நம்பரைப் பார்த்துப் பார்த்து அழுத்தினார். ஒலிபெருக்கியைப் போட்டு மேஜை மேல் வைத்தார்.

பொன்னுரங்கத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை.

மூன்றாவது மணியில் எடுத்தார்கள்.

"அமரர் ஊர்தி சேவைங்க."

பொன்னுரங்கம் அந்தக் குரலை அறிவார். போன மாதம் இறுதி ஊர்திக்காரருக்கு நோட்டீஸ் செய்து கொடுத்தது அவர்தான். புது வேலை என்றால் பழைய வேலை ஒன்றைத் திறந்து, அதன் மேலேயே மாற்றிக்கொண்டு போவது இருபத்தாறு வருடப் பழக்கம். படத்தை மாற்றியிருந்தார். பெயரை மாற்றியிருந்தார். விலாசத்தையும் மாற்றியிருந்தார்.

ஜமீலா கைபேசியை அவர் பக்கம் நகர்த்தினார்.

"ஹலோ, சொல்லுங்க" என்றது குரல், மிகுந்த பரிவோடு. "எத்தன மணிக்குங்க எடுக்கறீங்க?"