செங்கமலத்தின் வலக்கை

பவானி ஆற்றங்கரையில் தவமணி அம்மாவின் ஆசிரமம் இருந்தது. ஓடு வேய்ந்த ஒரு கூடம், ஒரு சமையலறை, நாலைந்து அறைகள், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் சுற்றுவட்டாரத்து ஆட்கள் வந்து ஒரு மணி நேரம் கண்மூடி உட்கார்ந்துவிட்டுப் போவார்கள். அம்மாவுக்கு நாற்பது வயதுதான் இருக்கும். எல்லோரும் அவரை அம்மா என்றார்கள். அவர் தன்னைவிட மூத்த பெண்களை அக்கா என்றார்.

அந்த அக்காக்களில் ஒருத்தி செங்கமலம். உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். பல வருஷமாக வருகிறவள். அவள் முதுகு வளையாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் புதிதாக வந்தவர்கள் தாமும் நிமிர்ந்துகொள்வார்கள்.

அவளுக்குக் கழுத்து எலும்புகளுக்கு நடுவே இருந்த ஜவ்வு பிதுங்கி, கைக்குப் போகும் நரம்பை அழுத்தியது. கரும்பலகையில் எழுதும்போதே சாக்பீஸ் நழுவி விழுந்தது. கோயம்புத்தூரில் ஆபரேஷன் செய்தார்கள். ஜவ்வை எடுத்துவிட்டுத் தகடும் திருகாணியும் வைத்து இரண்டு எலும்பை ஒன்றாகச் சேர்த்தார்கள்.

கழுத்து வலி போயிற்று. வலக்கை எரிச்சல் போகவில்லை. மாதங்கள் ஆகியும் தோளிலிருந்து கட்டைவிரல் வரைக்கும் மிளகாய் அரைத்துப் பூசினதுபோல இருந்தது. சில நேரம் மரத்துப்போகும். சில நேரம் எறும்பு ஊரும். புடவைத் தலைப்பு உரசினால்கூடக் கையை இழுத்துக்கொள்வாள்.

டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"எலும்பு அருமையா கூடியிருச்சு. நரம்பு ரொம்ப நாள் நசுங்கிக் கிடந்ததில்லையா, அது ஆற நாளாகும்."

"ஆறிருங்களா டாக்டர்?"

"ஆறலாம். கொஞ்சம் தங்கியும் போகலாம். இப்பவே சொல்ல முடியாதும்மா. மாத்திரையை விடாம சாப்பிடுங்க."

ஒரு கேள்விக்கு இரண்டு விடை சொன்னால் கணக்கு டீச்சர் எதற்கு மார்க் போடுவாள்? குழம்பிப்போய் வீட்டுக்கு வந்தாள்.

அவள் கணவர் நாச்சிமுத்து நல்ல மனிதர். அவளுக்குத் தலை வாரிப் பின்னிவிடக்கூடக் கற்றுக்கொண்டார். ஆனால் ஒரு நாள் களைப்பில் அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்துவிட்டது.

"படத்துல எல்லாம் நல்லாத்தானே இருக்குது, கமலம்?"

அன்றிலிருந்து செங்கமலத்துக்குத் தன் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. கை எரிகிறதா? எரிவதாக நான் நினைத்துக்கொள்கிறேனா? நினைப்புதான் என்றால் தூக்கத்தில் ஏன் எழுப்புகிறது?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆசிரமத்துக்குப் போனாள். பாதி நேரத்துக்கு மேல் உட்கார முடியவில்லை. எழுந்து வெளியே நின்றாள். எல்லோரும் போன பிறகு அம்மாவிடம் வந்தாள்.

"அம்மா, இந்த வலி நிஜமா, என் மனசு பண்ற வேலையா?"

"வலிக்குதுங்களா அக்கா?"

"வலிக்குதுங்கம்மா."

"அப்புறம் என்ன?"

"அப்ப இது போயிருங்களா?"

"எனக்குத் தெரியலீங்க அக்கா."

செங்கமலம் அவர் முகத்தையே பார்த்தாள். இன்னும் ஏதாவது சொல்வார் என்று நின்றாள். பிறகு வெளியே வந்தாள்.

வாசலில் சிவப்பிரகாசம் நின்றிருந்தார். வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், ஆசிரமத்தில் எல்லோருக்கும் மூத்த சீடர். அவளை நிறுத்தி அன்பாகத்தான் சொன்னார்.

"வலி உடம்புக்கு, டீச்சர். உங்களுக்கில்ல. இத்தனை வருஷம் உக்காந்ததுக்கு இதுதான் பரீட்சை. மாத்திரை அறிவை மழுக்கிரும், பாத்துக்குங்க."

இது ஒரு தெளிவான விடையாக இருந்தது. அவளுக்கு வேண்டியிருந்ததும் அதுதான். அன்று ராத்திரியிலிருந்து மாத்திரையை நிறுத்தினாள். நாச்சிமுத்துவிடம் சொல்லவில்லை. தினமும் விடியலில் எழுந்து சுவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். வலி எனக்கில்லை, எனக்கில்லை என்று சொல்லிக்கொண்டாள். கை கேட்கவில்லை. பிறகு தூக்கம் போயிற்று. வேர்த்துக் கொட்டியது, சாப்பிட்டது வயிற்றில் தங்கவில்லை. வலி எனக்கில்லை என்றால் அழுகிறது யார் என்று யோசித்தாள். யோசிக்க யோசிக்கத் தலை சுற்றியது.

ஞாயிறு காலையில் குளியலறை வாசலில் சரிந்து உட்கார்ந்தவளை நாச்சிமுத்து தூக்கினார். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றார். அவள் ஆசிரமத்துக்குத்தான் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். ஆட்டோவில் கூட்டிவந்தார்.

கூடத்தில் ஆட்கள் வந்து சேர்ந்துகொண்டிருந்தார்கள். அம்மா அவளைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"என்னக்கா ஆச்சு?"

செங்கமலம் எல்லாவற்றையும் சொன்னாள். சிவப்பிரகாசம் தலையைக் குனிந்துகொண்டார்.

"மாத்திரை எங்கீங்க இருக்குது?" என்று அம்மா நாச்சிமுத்துவைக் கேட்டார்.

"வீட்லீங்க."

"போய் எடுத்துட்டு வந்துருங்க. அதுக்கு முன்னால டாக்டருக்கு ஒரு போன் போடுங்க."

நாச்சிமுத்து போன் போட்டு அவளிடம் கொடுத்தார். டாக்டர் போனிலேயே கத்தினார். "யாரைக் கேட்டும்மா நிறுத்துனீங்க? திடுதிப்புனு நிறுத்துற மாத்திரையா அது?" எந்த அளவில் மறுபடி ஆரம்பிக்க வேண்டும் என்று சொன்னார். நாளைக்கு நேரில் வரச் சொன்னார். அம்மா சமையலறைக்குப் போய் மோர்ச்சோறு கரைத்து எடுத்துவந்தார். செங்கமலம் இடக்கையில் கிண்ணத்தை வாங்கிக் குடித்தாள். நாச்சிமுத்து வீட்டுக்குப் போய் வந்ததும் மாத்திரையைப் போட்டுக்கொண்டாள்.

"நீங்க உக்காருங்கம்மா, நேரமாச்சு. நாங்க கிளம்பறோம். எனக்கு இனிமே உக்கார வராது. இனி இங்க வந்து என்ன பண்றது?" என்று எழுந்தாள்.

அம்மா உள்ளே போய் ஒரு பாயும் தலையணையும் கொண்டுவந்தார். கூடத்தின் நடுவில், எல்லோரும் உட்காரும் வரிசைக்கு மத்தியில் விரித்தார்.

"படுங்கக்கா."

"இங்கயா?"

"இங்கதான்."

சிவப்பிரகாசம் மெல்ல எழுந்து வந்தார். "அம்மா, கூடத்துல படுக்கற வழக்கம் நமக்கு இல்லீங்களே."

"இன்னைக்கிருந்து இருக்குதுங்க."

செங்கமலம் கூச்சத்தோடு படுத்தாள். நிமிர்ந்து உட்கார்ந்தே பெயர் வாங்கியவள், முப்பது பேருக்கு நடுவில் நீட்டிப் படுத்துக் கிடந்தாள். கண்ணை மூடினாள். மேலே மின்விசிறி சுற்றியது. காற்று வலக்கையில் பட்டதும் தோல் பற்றி எரிந்தது. துண்டால் மூடிப் பார்த்தாள். துண்டு பட்டாலும் எரிந்தது. பல்லைக் கடித்தாள்.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்லீங்கம்மா. காத்துப் பட்டாக் கொஞ்சம் எரியும். அது அப்படித்தான்."

அம்மா எழுந்து போய் விசிறியை நிறுத்தினார். வந்து உட்கார்ந்தார்.

சித்திரை வெயில். கொஞ்ச நேரத்தில் கூடம் வெந்தது. யாரோ முந்தானையால் விசிறிக்கொண்டார்கள். யாரோ பெருமூச்சு விட்டார்கள்.

சிவப்பிரகாசம் கண்ணைத் திறந்து, "அம்மா, எல்லாருக்கும் வேர்க்குதுங்க" என்றார்.

"ஆமாங்க" என்றார் அம்மா.

சிவப்பிரகாசம் மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். செங்கமலம் ஒருக்களித்துப் பார்த்தாள். சிவப்பிரகாசத்தின் மூக்கு நுனியில் ஒரு சொட்டு வேர்வை நின்று விழுந்தது. அம்மாவின் ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கதவோரம் நாச்சிமுத்துவும் சட்டை நனைய உட்கார்ந்திருந்தார். ஒருத்தரும் எழுந்து போகவில்லை.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. படத்தில் ஒரு குறையும் இல்லாத கை. அந்தக் கைக்காகவா இத்தனை பேரும் வேர்வையில் நனைகிறார்கள்? கை எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் நிஜமா பொய்யா என்று அதைக் கேட்க அவளுக்கு அப்போது தோன்றவில்லை. ஏன் என்று தெரியாமல் அழுகை வந்தது. அழுதாள். அப்படியே கொஞ்சம் அயர்ந்தும்விட்டாள்.

மணி அடித்தது. ஆட்கள் எழுந்து சத்தமில்லாமல் வெளியே போனார்கள். சிவப்பிரகாசம் அவள் பாயருகே வந்து நின்றார். கை கூப்பிவிட்டுப் போனார். நாச்சிமுத்து ஆட்டோ பார்க்கப் போனார்.

அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு பாய்க்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அம்மா, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க" என்றாள் செங்கமலம். "இது போயிரும்னு நம்பிட்டு இருக்கறதா, போகாதுன்னு மனசைத் தேத்திக்கறதா? ரெண்டுல எதைச் சொன்னாலும் புடிச்சுக்கறேன். இப்படி நடுவுல என்னால இருக்க முடியலீங்கம்மா."

அம்மா அவளுடைய வலக்கையைப் பார்த்தார். தொடவில்லை.

பிறகு சொன்னார்.

"கொஞ்சம் தள்ளிப் படுங்கக்கா. அந்த நடுவுல எனக்கும் இடம் வேணும்."