டேப்லெட்டை எடைபோட்ட தையல்நாயகி

கடம்ப நாட்டில் இன்னமும் மன்னராட்சிதான். சிம்மாசனம் உண்டு, செங்கோல் உண்டு, அரண்மனை முழுக்க வைஃபையும் உண்டு. மன்னர் வீரகேசரிக்குப் புதுப் பொருள் எதைக் கண்டாலும் கை பரபரக்கும். அந்த மாதம் அவர் கைக்கு ஒரு டேப்லெட் வந்து சேர்ந்தது. ஊஞ்சலில் சாய்ந்தபடி அதில் மனுக்களைப் படித்தார். விரலால் யானை வரைந்தார். பேனாவால் கண்ணாடி மேலேயே கையெழுத்துப் போட்டார். உலகமே அதற்குள் அடங்கிவிட்டதாக ஒரு நினைப்பு வந்துவிட்டது.

அந்த நினைப்புக்குத் தூபம் போட்டவர் அமைச்சர் கருடராயர். மன்னர் எதை மெச்சினாலும் அதை இரண்டு மடங்காக மெச்சுவதுதான் அவர் பார்க்கிற உத்தியோகம்.

"மன்னா, எழுத்தர் மண்டபத்தில் இருக்கிற பன்னிரண்டு லேப்டாப்பையும் தூக்கிப் போட்டுவிடலாம். ஆளுக்கொரு டேப்லெட் போதும்" என்றார் சபையில்.

எழுத்தர்களின் தலைவி தையல்நாயகி நிமிர்ந்து பார்த்தாள். இருபது வருடமாக அரசாணைகளையும் உடன்படிக்கைகளையும் எழுதித் தருபவள் அவள். கருடராயர் தன் வாழ்நாளில் நாலு வரி சேர்ந்தாற்போல் தட்டச்சு செய்ததில்லை என்பதும் அவளுக்குத் தெரியும்.

"படிக்க நல்ல பொருள்தான் மன்னா. ஆனால் நாற்பது ஷரத்து உள்ள உடன்படிக்கையை அதில் எழுதி முடிப்பது வேறு விஷயம்" என்றாள்.

"விரல் மரத்துப்போனவர்களுக்குப் புதுக் கருவி கசக்கத்தான் செய்யும்" என்றார் கருடராயர்.

சபை சிரித்தது. மன்னரும் சிரித்தார். அவளுக்குச் சுருக்கென்றது.

மறுநாள் நண்பகலில் அண்டை நாட்டுத் தூதர் வருவதாக இருந்தது. ஆற்று நீரைப் பங்கிடும் உடன்படிக்கை கையெழுத்தாக வேண்டும். ஆகாவிட்டால் அவர்கள் மதகைத் திறக்க மாட்டார்கள். கடம்ப நாட்டு நாற்றங்கால் காய்ந்து கருகிவிடும்.

"சரி, அந்த உடன்படிக்கையே நாளைக் காலை டேப்லெட்டில் தயாராகட்டும்" என்றார் மன்னர். "முடிந்துவிட்டால் லேப்டாப் எல்லாம் வெளியே போகும். எழுத்தர் தலைமையும் கருடராயருக்குப் போகும்."

தையல்நாயகி கைகூப்பினாள். "உத்தரவு மன்னா. புதுக் கருவியின் அருமை அமைச்சருக்குத்தான் தெரியும். அவரே செய்து காட்டட்டும். அவர் கேட்பதை எல்லாம் எடுத்துக் கொடுத்து நான் கற்றுக்கொள்கிறேன்."

மறுக்க வழியில்லை. கருடராயர் மீசையைத் தடவியபடி சம்மதித்தார்.

காலை ஏழு மணிக்கு உட்கார்ந்தார். திரையைத் தொட்டதும் எழுத்துகள் வரிசையாக எழும்பிப் பாதித் திரையை மறைத்தன. ஒற்றை விரலால் குத்தினார். 'ஆனி முதல் தேதி மதகு திறக்கப்படும்' என்று எழுதப் பார்த்தார். கருவி தன் இஷ்டத்துக்குத் திருத்தி, 'ஆனி முதல் தேதி மது திறக்கப்படும்' என்று போட்டது. அழித்து எழுதினார். மறுபடியும் மதுவே வந்தது.

"நல்ல உடன்படிக்கை. தூதர் மகிழ்ந்துபோவார்" என்றாள் தையல்நாயகி.

"ஒரு கீபோர்டு கொண்டு வாருங்கள்" என்று கடுகடுத்தார் அமைச்சர்.

கொண்டு வந்தாள். தட்டத் தட்ட டேப்லெட் வழுக்கி மல்லாந்தது. தாங்கி கேட்டார். அதுவும் வந்தது. ஒரு சொல்லைத் தொட்டால் பக்கத்து வரியே மறைந்தது. மவுஸ் கேட்டார். தூதர் தரப்புத் திருத்தங்கள் பென்டிரைவில் இருந்தன, அதைச் செருக இடமில்லை. ஒரு இணைப்பான் கேட்டார். அதை மாட்டியதும் சார்ஜ் போட இடமில்லாமல் போயிற்று. அதைவிடப் பெரிய இணைப்பானாக ஒன்று கேட்டார்.

"இதோ அமைச்சரே" என்று ஒவ்வொன்றுக்கும் சலிக்காமல் ஓடினாள் தையல்நாயகி. உள்ளுக்குள் அவளுக்கு இனித்தது.

கடைசியில் எல்லாம் மேசையில் திசைக்கொன்றாக இழுபட்டுக் கிடக்க, ஒரு மரப்பலகை கேட்டார் கருடராயர். எல்லாவற்றையும் அதன் மேல் வைத்து நாடாவால் கட்டச் சொன்னார். அவள் இறுக்கியே கட்டினாள்.

பத்து மணிக்கு மன்னர் வந்தபோது அமைச்சர் ஏழாவது ஷரத்தில் வியர்த்துக்கொண்டிருந்தார்.

"பாருங்கள் மன்னா, எல்லாம் டேப்லெட்டிலேயே நடக்கிறது. லேப்டாப்பைத் தொடக்கூட இல்லை."

மன்னர் பலகையைப் பார்த்தார், நாடாவைப் பார்த்தார். அவருக்கே குழப்பமாகிவிட்டது.

"தையல்நாயகி, இரண்டையும் நியாயமாக எடைபோட்டுச் சொல்."

"உத்தரவு" என்றவள் சமையற்கட்டுக்கு ஆள் அனுப்பினாள். அரிசி நிறுக்கும் பெரிய தராசு வந்தது. ஒரு தட்டில் தன் லேப்டாப்பை வைத்தாள். மறு தட்டில் அமைச்சரின் மூட்டையைப் பலகையோடு ஏற்றினாள். அந்தத் தட்டு ணங்கென்று தரையில் இடித்தது. லேப்டாப் அந்தரத்தில் நின்றது.

"எடைபோட்டாயிற்று மன்னா. திரை இருக்கிறது, கீபோர்டு இருக்கிறது, மவுஸ்கூட இருக்கிறது. காலை முழுக்கப் பாடுபட்டு அமைச்சர் சொந்தமாக ஒரு மடிக்கணினி செய்திருக்கிறார். என்ன, அதை மடிக்க முடியாது. மடியில் வைக்கவும் முடியாது."

மன்னர் முதலில் முறுவலித்தார். பிறகு தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

தையல்நாயகி அதற்குக் காத்திருக்கவில்லை. லேப்டாப்பை இறக்கித் திறந்து, இரு தரப்பு வரைவுகளையும் பக்கம் பக்கமாக வைத்து எழுதத் தொடங்கினாள். பதினொன்றரைக்கு நாற்பதாவது ஷரத்தும் முடிந்தது. தூதர் வந்தார், வரி வரியாகப் படித்தார், மன்னரின் டேப்லெட்டில் அழகாகக் கையெழுத்துப் போட்டார்.

"கையெழுத்துக்கு இது ரொம்ப உசத்தி" என்று அவளும் ஒத்துக்கொண்டாள்.

எழுத்தர் மண்டபத்துக்குப் பன்னிரண்டு புது லேப்டாப்பும், தையல்நாயகிக்கு முத்துமாலையும் கிடைத்தன. மாலையைக் கொடுத்துவிட்டு மன்னர் கேட்டார்: "கருடராயருக்கு என்ன தண்டனை தரலாம்? நீயே சொல்."

அமைச்சர் தலை குனிந்து நின்றார்.

"தண்டனை எதற்கு மன்னா? அந்தப் பலகையை அவருக்கே பரிசாகக் கொடுத்துவிடுங்கள்" என்றாள் தையல்நாயகி. "எங்கே போனாலும் கையோடு தூக்கிக்கொண்டு போகட்டும்."