மூணு லைட்டும் ஒரு சட்டையும்

டிரைவர்னு சொன்னதும் லாரிய நெனைக்காதீங்க. இது லைட்டுக்குப் பின்னால ஒளிஞ்சு கெடக்குற சின்ன டப்பா. கூட்டு, கொற, மஞ்சளா எரி, வெள்ளையா எரின்னு ரெண்டு மெல்லிசு வயர்ல தகவல் வரும். டப்பா சொன்னதக் கேக்கும். வீட்ல நாம கேக்குறதவிட ஒழுங்காவே கேக்கும்.

மாதா கோயிலுக்குப் புது லைட்டு போடுற வேல. தொம்மை மேஸ்திரிகிட்ட தொழில் படிக்கிற சலேத்து, மூணு கம்பெனி டப்பாவ மாட்டி மூணு லைட்டயும் பாதி மஞ்சள்ல எரியவிட்டிருந்தா. சேலைக்கு மேல புருசன் சட்ட.

புருசன் கித்தேரியான் கடலுக்குப் போயி திரும்பல. தேடிப் போனவங்க திரும்பிட்டாங்க.

காலையில மாமியார் வந்து அந்தச் சட்டையக் கேட்டுச்சு. ஒடம்பு கெடைக்காட்டி சட்டைய சவப்பெட்டியில வச்சு அடக்கம் பண்றது அந்த ஊர் வழக்கம். அவன் வேர்வ வாட இன்னும் போகாதது அது ஒண்ணுலதான். சாயங்காலம் சொல்றேன் மாமின்னு அனுப்பிட்டா.

மேஸ்திரி வந்து, என்ன புள்ள, மூணு மாப்ளைல யாரு தேறுனான்னு கேட்டாரு. மூணும் ஒரே மாதிரி மங்குது, ஒரே மாதிரி நெறம் மாறுது, எத எடுக்கன்னு தெரியலண்ணேன்னா.

அவரு கட்டிங் பிளேயர எடுத்தாரு. கரண்ட நிறுத்தல. தகவல் வர்ற வயர மட்டும் நறுக்குனாரு.

மொத லைட்டு பளீர்னு முழுசா எரிஞ்சுச்சு.

"இது ஊரக் கூட்டி ஒப்பாரி வைக்கிற ரகம்."

ரெண்டாவது அணைஞ்சுபோச்சு.

"இது கதவச் சாத்திட்டுப் படுக்குற ரகம்."

மூணாவது அதே பாதி மஞ்சள்ல, ஒண்ணுமே நடக்காத மாதிரி எரிஞ்சுச்சு. வாயாடி மனுசன், இதப் பாத்ததும் பிளேயரப் பையில போட்டாரு.

சலேத்து அதையே பாத்துட்டு நின்னா.

"இது எவ்ளோ நேரம்ணே இப்பிடியே நிக்கும்?"

"கரண்டு உள்ள மட்டும். கடைசியா சொன்னதயே புடிச்சுட்டு நிக்கும்."

"அப்ப இதானே நல்லது?"

மேஸ்திரி அறுந்த வயர அவ கையில குடுத்தாரு.

"எரியுறதுல நல்லது கெட்டது இல்ல புள்ள. மூணுக்கும் இனிமே தகவல் வராது."

சாயங்காலம் ஆயிருச்சு, வாசல்ல மாமியார் வந்து நின்னுச்சு.

சலேத்து வயரக் கீழ வச்சா. சட்டையோட மேல் பட்டனக் கழட்டுனா.