ஒற்றைத் தாள் சுவர்

சிவில் துறைத் தலைவர் ஞானசிகாமணிக்குக் காகிதம் என்றாலே இளக்காரம். ஆனால் இந்த வருஷம் மாணவர்களின் புராஜெக்ட் காகிதத்தில்தான்: பெட்டி நிறைய மணல், முன்பலகையை எடுத்ததும் அந்த மணலைச் சரியவிடாமல் தாங்க ஒரு மாதிரித் தடுப்புச்சுவர். மற்றவர்கள் அட்டைமேல் அட்டை ஒட்டித் தடியாக்கினார்கள். இசக்கியம்மாள் ஒற்றைச் சார்ட் பேப்பரை நிறுத்தி, அதன் முதுகில் காகிதப் பட்டைகளை ஒட்டி, மணலுக்குள் படுக்கவைத்துப் புதைத்திருந்தாள்.

“இது சுவரா, கல்யாணப் பத்திரிகையா? பலகையை எடுத்தா மணல் பூரா என் ஷூ மேலதான் கொட்டும். எடுக்கவே வேண்டாம், பெயில்!” என்றார்.

“சரி சார், எடுக்க வேண்டாம்” என்றாள் இசக்கி. “ஒட்டாம சும்மா மணலுக்குள்ள போட்ட பட்டை ஒண்ணு, பலகைக்கு அடியில நுனி நீட்டிட்டிருக்கு. அத மட்டும் உருவிக் குடுங்க, போயிருதேன்.”

இரண்டு விரலால் இழுத்தார். வரவில்லை. கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, மேசைக்காலில் ஷூவை ஊன்றி இழுத்தார். நுனி கிழிந்து கையோடு வந்தது; பட்டை அசையவில்லை.

“மேல கெடக்க மணலே அமுக்கிப் பிடிச்சிருக்கு சார். நீங்க இழுத்தே வராதது, மணல் தள்ளியா சார் வந்துரப் போவுது?”

பலகையை அவரே எடுத்தார். சுவர் நின்றது.

அடுத்த டீமின் தடிச்சுவருக்குப் போனவர், குனிந்து பலகைக்கு அடியில் நுனி ஏதும் தெரிகிறதா என்று பார்த்தார். தெரியவில்லை. ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தார்.