ராஜா அளந்த உயரம்

செங்காட்டூரை ஆண்ட உத்தண்டவர்மரிடம் யானை உண்டு, குதிரை உண்டு, ஒரு டீசல் பிக்கப்பும் உண்டு. ராஜா காலத்தில் பிக்கப் ஏது என்று கேட்கிறவர்கள் வாசலிலேயே நின்று கேட்டுக்கொண்டிருக்கட்டும். நாம் உள்ளே போவோம்.

உள்ளே ராஜா கோபமாக இருந்தார். காரணம், பக்கத்து நாட்டு ராஜா கெம்பீரசிங்கர். அவரும் ஒரு பிக்கப் வைத்திருந்தார். அதை எட்டு அங்குலம் தூக்கி, உரல் உரலாக டயர் மாட்டி, எல்லையோரமாக ஓட்டிக் காட்டிவிட்டுப் போயிருந்தார். அன்றிலிருந்து நம் ராஜாவுக்குச் சோறு இறங்கவில்லை. படையெடுத்து வந்திருந்தால்கூடப் பொறுத்திருப்பார்.

"நம் வண்டி பத்து அங்குலம் உயர வேண்டும். விஜயதசமி ஊர்வலத்தில் நான் அதில்தான் வருவேன்" என்றார்.

"பன்னிரண்டாகவே தூக்கிவிடலாம் மகாராஜா. தங்கள் கீர்த்திக்குப் பத்து போதாது" என்றார் தளவாய் இடும்பராயர். தளவாய் சொந்தமாக எதையும் சொல்கிறவர் இல்லை. ராஜா சொன்னதோடு இரண்டைக் கூட்டிச் சொல்வதுதான் அவர் உத்தியோகம்.

டிரைவர் வெள்ளையப்பனை வரவழைத்துக் கேட்டார்கள். வண்டி ஓட்டத் தெரிந்தவன். சபையில் பேசத் தெரியாதவன்.

"அம்புட்டு ஒசரம் வேணாங்க மகாராசா. பெரிய டயரு போட்டா வளைக்கிறப்ப மக்காட்டுல ஒரசும். டீசலும் குடிக்கும். அதுகூடப் போகட்டுங்க, பட்டு வேட்டி கட்டிக்கிட்டு உங்களால ஏற முடியாதுங்க."

டயரும் டீசலும் யார் காதிலும் விழவில்லை. கடைசி வார்த்தைதான் விழுந்தது.

"என்னால் முடியாதா?" ராஜா எழுந்தே விட்டார்.

"ராஜநிந்தனை!" என்று தளவாய் எடுத்துக் கொடுத்தார்.

வெள்ளையப்பன் சிறைக்குப் போனான். ஊர்வலம் முடிந்ததும் அவனை நாடு கடத்துவது என்று தீர்ப்பாயிற்று. அவன் மனைவி அழுதுகொண்டே சொக்கேசரிடம் ஓடினாள். சொக்கேசர் அந்தச் சபையில் ஒரு சின்ன மந்திரி. ராஜாவைச் சிரிக்க வைத்தே காலம் தள்ளுகிறவர்.

"உண்மையச் சொன்னதுக்கு ஊர விட்டுத் தொரத்துறாங்களே சாமி!"

"உண்மையைச் சொன்னதற்கில்லை அம்மா. ராஜா சொல்வதற்கு முந்தி அவன் சொல்லிவிட்டான், அதுதான் தப்பு. அதையே ராஜா வாயால் வரவழைத்தால் எல்லாம் சரியாகிவிடும். நீ போய்ச் சாப்பிடு."

மறுநாள் காலையில் சொக்கேசர் ராஜாவின் முன் போய் நின்றார்.

"மகாராஜா, தையற்காரன்கூட உடம்பை அளந்துவிட்டுத்தான் துணியில் கத்தரி வைக்கிறான். வண்டியின் உயரத்தையும் தங்களை வைத்தல்லவா அளக்க வேண்டும்? ஊர்வலத்துக்கு உடுத்துவதையே உடுத்திக்கொண்டு முற்றத்துக்கு எழுந்தருள வேண்டும்."

ராஜாவுக்கு அது பிடித்துப் போயிற்று. சரிகைப் பட்டு வேட்டி, மேலே பீதாம்பரம், இடுப்பில் வாள், தலையில் கிரீடம் என்று வந்து சேர்ந்தார். முற்றத்தில் பிக்கப் நின்றது. பக்கத்தில் இரண்டு அங்குல கனத்தில் பலகைகளை அடுக்கி வைத்திருந்தார்கள்.

"மகாராஜா ஏறுவதைப் பார்க்கிற யோக்கியதை நமக்கு ஏது? எல்லாரும் சுவர்ப் பக்கம் திரும்பி நில்லுங்கள்!" என்றார் சொக்கேசர். சபை முழுக்கத் திரும்பியது. அவரும் திரும்பிக்கொண்டார்.

சேவகர்கள் நான்கு சக்கரத்தின் அடியிலும் ஒவ்வொரு பலகை வைத்துவிட்டு அவர்களும் திரும்பிக்கொண்டார்கள். ராஜா சுலபமாக ஏறி இறங்கினார். இரண்டாவது பலகைக்கு ஒரு முனகல் கேட்டது. மூன்றாவது பலகைக்கு வாள் கதவில் இடிபட்டது.

"ஓய் சொக்கேசரே, இந்தக் கதவைக் கொஞ்சம் பிடியும்."

"பிடித்தால் பார்க்க வேண்டி வருமே மகாராஜா?"

"கண்ணை மூடிக்கொண்டு பிடியுமய்யா!"

நான்காவது பலகை. நெடுநேரம் மூச்சு வாங்கும் சத்தம். பிறகு 'டர்ர்ர்' என்று பட்டு கிழிகிற சத்தம். எல்லாருக்கும் கேட்டது. யாருக்கும் கேட்கவில்லை.

"ஒருவரும் திரும்பாதீர்கள்!" என்று ராஜா கத்தினார்.

"ஐந்தாவது பலகையை வைக்கச் சொல்லட்டுமா மகாராஜா?" சொக்கேசர் கண்ணை மூடியபடியே பணிவாகக் கேட்டார். "தளவாய் சொன்ன உயரத்துக்கு இன்னும் இரண்டு பலகை பாக்கி."

"வேண்டாம். யோசித்துப் பார்த்துவிட்டேன். இரண்டு அங்குலம்தான் லட்சணம். அதற்கு மேல் போனால் அசிங்கம்."

"அடியேனும் இரண்டு என்றுதான் நினைத்திருந்தேன்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார் தளவாய்.

ராஜா வேறு வேட்டி மாற்றிக்கொண்டு சபைக்கு வந்தார். சொக்கேசர் எழுந்தார்.

"மகாராஜா, வெள்ளையப்பன் பெரிய குற்றவாளி. தாங்கள் இன்று கண்டுபிடித்ததை அவன் நேற்றே சொல்லிவிட்டான். முந்திரிக்கொட்டைத்தனம்! ஆனாலும் அதற்கு ஒரு ராத்திரிச் சிறை போதாதா?"

ராஜா அவரை உற்றுப் பார்த்தார். தனக்கு வைத்த பொறி எங்கே இருந்தது என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. கோபம் வந்தது. கிழிந்த வேட்டி நினைவுக்கு வந்தது. கோபம் போய்விட்டது.

"போதும். அவனை விடுங்கள். டயர் அளவையும் அவனே சொல்லட்டும்."

வெள்ளையப்பன் வந்தான். "இப்ப இருக்கறதுக்கு ஒரு சைஸ் கூடப் போட்டாப் போதுங்க மகாராசா" என்றான். ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரே ராத்திரியில் அவனுக்குச் சபையில் பேச வந்துவிட்டது.

ஆனால் ராஜாவின் முகம் மறுபடியும் சுருங்கியது.

"எல்லாம் சரிதான் ஓய். தசமியன்று அந்தக் கெம்பீரசிங்கன் எட்டு அங்குலத்தில் போவான், நான் இரண்டில் போவேன். ஜனங்கள் என்ன பேசுவார்கள்?"

"அவரை நம் ஊர்வலத்துக்கு விருந்தாளியாக அழைத்துவிடுங்கள் மகாராஜா."

"அழைத்தால் என் வாசலுக்கே வந்து என்னைக் குனிந்து பார்ப்பானே!"

"வண்டியில் உட்கார்ந்திருக்கிற வரைக்கும் பார்ப்பார். அவர் ஏறுவது அவருடைய அரண்மனைக்குள்ளே. அதை யார் கண்டது? ஆனால் இறங்குவது நம் வாசலில்தானே? நம் ஜனங்கள் அத்தனை பேருக்கும் முன்னால். பட்டு வேட்டியோடு."

ராஜா ஒரு கணம் அதை மனக்கண்ணால் பார்த்தார். பிறகு கிரீடம் ஆட ஆடச் சிரித்தார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிச் சொக்கேசர் கழுத்தில் போட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு அழைப்போலைக்கு உத்தரவிட்டார். கையோடு இன்னொரு உத்தரவும் போட்டார்:

"தசமியன்று அரண்மனை வாசலில் ஒரு முக்காலிகூட இருக்கக் கூடாது!"