பெயர் எழுதாத ஷீட்

மீரான் சார் அதிகம் பேசுகிறவர் இல்லை. மாணவர்கள் வரைந்ததைக் கொண்டுவந்து மேஜையில் விரித்தால், அதன்மேல் அடியில் இருப்பது தெரிகிற மெல்லிய பட்டர் ஷீட் ஒன்றைப் போட்டுச் சிவப்புப் பென்சிலால் நாலு கோடு இழுப்பார். கதவு இடம் மாறியிருக்கும். மாடிப்படி வேறு பக்கம் திரும்பியிருக்கும். ஏன் என்று கேட்டால், "போய்ப் பாரு" என்பார். எங்கே போய் எதைப் பார்ப்பது என்று கேட்கிற தைரியம் யாருக்கும் வந்ததில்லை.

அந்தப் பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலைத் துறையில் அவருடைய டிசைன் ஸ்டுடியோ வகுப்பில் மாட்டியவர்கள் முதல் மாதம் அழுவார்கள், இரண்டாம் மாதம் திட்டுவார்கள். அப்புறம் பழகிவிடும்.

அன்று பருவத்தின் கடைசி நாள். மாலை நான்கு மணிக்குள், வரைந்து முடித்த ஷீட்டைத் துறை அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும். தவறினால் ஒரு வருடம் போச்சு. பாதிப் பேர் கொடுத்துவிட்டு, வரைந்த மேஜையிலேயே தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டரை மணிக்கு இசக்கிப்ரியா இரண்டு சுருள்களோடு சாரின் அறைக்கு வந்தாள்.

"முடிச்சிட்டியா?"

"முடிச்சிட்டேன் சார்."

"அப்ப ஆபீஸ்ல கொடுக்க வேண்டியதுதானே."

"பேர் எழுதல சார்."

முதல் சுருளை விரித்துக் காட்டினாள். வலது கீழ் மூலைக் கட்டத்தில் திட்டத்தின் பெயர் இருந்தது: பிரசவ மருத்துவமனை, முப்பது படுக்கை. அளவு இருந்தது, தேதி இருந்தது. 'வடிவமைத்தவர்' என்ற இடம் மட்டும் காலி.

"பேனா தீர்ந்துபோச்சா?"

"பேனா இருக்கு சார்."

இரண்டாவது சுருளைப் பிரித்தாள். அவர் அவளுக்கு வரைந்து கொடுத்த பட்டர் ஷீட்டுகள். அறுபத்தொன்று. ஒன்றைக்கூட அவள் தூக்கிப் போடவில்லை.

"ஒவ்வொண்ணா என் ஷீட்டுக்கு அடியில வச்சுப் பார்த்தேன் சார். நான் வரைஞ்ச எல்லாக் கோட்டுக்குக் கீழயும் உங்க சிவப்புக் கோடு இருக்கு. 'இந்தத் தடவை மீரான் சாருக்கு நல்ல மார்க் வரும்'னு நேத்து கிளாஸ்ல தினகர் சொன்னான். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்."

அவர் பட்டர் ஷீட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"இது என் டிசைனா, உங்க டிசைனா? என்னுதுன்னா பேர் எழுதுறேன். இல்லேன்னா கொடுக்கல. ஒரு வருஷம் போனாப் போகட்டும்."

போனால் போகட்டும் என்று சொல்கிற நிலையில் அவள் வீடு இல்லை. அவளுக்குப் பின்னால் இரண்டு தங்கைகள் கல்லூரிக்கு வரிசையில் நின்றார்கள். ஆனாலும் சொன்னாள்.

மீரான் சார் டீ கிளாஸை எடுத்து ஜன்னலில் வைத்தார். ஷீட்டின் நான்கு மூலையிலும் புத்தகம் வைத்தார். வார்டில் வரைந்திருந்த ஒரு கட்டிலின்மேல் தன் சுட்டுவிரலை வைத்தார்.

"எனக்குக் குழந்தை பிறந்து மூணு நாள் ஆச்சு. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ."

இசக்கிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை.

"ஏம்மா, இந்த ஜன்னல் ஏன் இவ்வளவு கீழ இருக்கு?"

"நீங்கதான் சார் இறக்கி வரைஞ்சீங்க."

"நான் பிள்ளை பெத்தவ. எனக்கு அதெல்லாம் தெரியாது. ஏன் கீழ இருக்கு?"

"படுத்திருக்கிறவங்களுக்கு வெளிய தெரியணும்ல. உயரமா இருந்தா வானம் மட்டும்தான் தெரியும். புருஷன் வெளிய நிக்கிறாரா, கிளம்பிட்டாரான்னு தெரியாது."

"அது உனக்கு எப்படித் தெரியும்?"

"ஆஸ்பத்திரியில காலிக் கட்டில்ல படுத்துப் பார்த்தேன் சார். சிஸ்டர் திட்டினாங்க. நீங்க வரைஞ்ச உயரமும் பத்தல. இன்னும் நாலு இஞ்ச் இறக்கினேன்."

அவர் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார். இறக்கித்தான் இருந்தாள். அவர் அதைக் கவனித்திருக்கவே இல்லை.

விரல் மெதுவாக நகர்ந்தது. பிள்ளை பெற்ற உடம்பு அல்லவா.

"இந்தக் குளியலறைக் கதவு என்ன, வெளிப்பக்கமாத் திறக்குது?"

"உள்ள யாராவது மயங்கி விழுந்தா, உள்பக்கம் திறக்கிற கதவை அவங்க உடம்பே அடைச்சுக்கும். தள்ளினா திறக்காது."

"நான் சொன்னேனா?"

"நீங்க கதவைத் திருப்பி மட்டும் வரைஞ்சீங்க. அந்த ஆஸ்பத்திரி எஸ்தர் சிஸ்டர்தான் காரணம் சொன்னாங்க. அங்க ஒரு தடவை அப்படி ஆயிருக்கு."

விரல் வார்டை விட்டு வெளியே வந்து நடைவழியின் கோடியில் ஒரு சின்ன அறைக்கு முன்னால் நின்றது. அறையில் ஏழு என்ற எண் மட்டும் இருந்தது.

"இது ஸ்டோர்தானே?" என்றார். பிள்ளை பெற்றவள் ஸ்டோரைப் பற்றிக் கேட்கமாட்டாள் என்பது அவருக்கு அப்போது மறந்துவிட்டது.

"நீங்க ஸ்டோர்னுதான் எழுதினீங்க. நான் ஸ்டோரைப் பின்னால தள்ளிட்டேன் சார்."

"அப்ப இதுல யாரு?"

"குழந்தை தங்காதவங்க," என்றாள். "எங்கம்மாவுக்கு எனக்கு முன்னால ஒரு பையன். தங்கல. மூணு நாள் அம்மாவை அதே வார்டுலதான் படுக்க வச்சிருந்தாங்க. ரெண்டு பக்கமும் தொட்டில். பக்கத்துல குழந்தை அழுதா அம்மாவுக்குப் பால் சுரந்து சேலை நனைஞ்சிருமாம். அதான் வார்டு சத்தம் கேட்காத இடமாப் பார்த்து வச்சேன். வெளிய போறதுக்கும் தனி வழி இருக்கு."

"பேர் ஏன் போடல?"

"கதவுல எழுதியிருந்தா அவங்க படிப்பாங்களே சார்."

மீரான் சார் ஜன்னலில் ஆறிப்போயிருந்த டீயை எடுத்து ஒரு வாய் குடித்தார். பதினைந்து வாரம் இந்த ஷீட்டைப் பார்த்தவர் அவர். அந்த அறைக்குள் ஒருமுறைகூட அவர் போனதில்லை.

"நாலு சுவரும் நீங்க வரைஞ்சதுதான் சார்," என்றாள் இசக்கி. அவளுக்கு இன்னமும் அந்தக் கவலைதான்.

அவர் விரலை மறுபடி நகர்த்தினார். நடைவழி, முன்கூடம், வாசல். வாசலுக்கு வெளியே ஆளுயரத்தைவிட உயரமான ஒரு வளைந்த சுவர். கட்டடத்தை அரைவட்டமாக அணைத்தபடி சாலைக்கும் வாசலுக்கும் நடுவில் நின்றது. போன மாதம் ஷீட்டுகளைச் சுவரில் குத்தி வைத்தபோது எல்லோரும் அதைத்தான் போனில் படம் பிடித்தார்கள். வெளியூரிலிருந்து வந்த ஆர்க்கிடெக்ட் ஒருவர் அதன் முன்னால் ஐந்து நிமிடம் நின்று, இசக்கியின் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். மறுநாள் ஷீட்டுகளைப் பார்த்து மார்க் போடும் ஜூரிக்கும் அவர்தான் வருகிறார்.

"இது எதுக்கு?"

இசக்கி அந்த வளைவைப் பார்த்தாள்.

"நல்லா இருக்குன்னு எல்லாரும் சொன்னாங்க சார்."

"நான் கைக்குழந்தையோட வெயில்ல நிக்கிறேன். இது எதுக்கு?"

அவள் தன் விரலை அவர் விரலுக்குப் பக்கத்தில் வைத்தாள். சுவரை ஒட்டி ஒரு பக்கம் நடந்து பார்த்தாள். திரும்பி வந்து மறுபக்கம் நடந்தாள். நிழலுக்கு என்று சொல்லலாம் என்றால், சுவர் வடக்கில் இருந்தது. மறைப்புக்கு என்றால், மறைக்க வேண்டியவர்கள் எல்லாம் உள்ளே இருந்தார்கள். கடிகாரம் மூன்று இருபது காட்டியது. மீரான் சார் விரலை எடுக்கவும் இல்லை, எதையும் சொல்லிக் கொடுக்கவும் இல்லை.

"பிளேடு இருக்கா சார்?"

அவர் மேஜையைத் திறந்து எடுத்துக் கொடுத்தார்.

அந்த ஷீட்டில் மையால் போட்ட கோட்டை ரப்பரால் அழிக்க முடியாது. பிளேடால் சுரண்டத்தான் வேண்டும். கொஞ்சம் அழுத்தினால் ஷீட் கிழியும். கிழிந்தால் நான்கு மணிக்குள் இன்னொன்று வரைய யாராலும் முடியாது. பிளேடைப் பிடித்தபடி அவள் ஒருமுறை நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்று பயந்தாள். சொன்னால் கேட்டுவிடுவோம் என்று அதைவிடப் பயந்தாள்.

அவர் ஷீட்டின் ஓரத்தை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டார்.

அவள் சுரண்ட ஆரம்பித்தாள். கறுப்புத் தூள் உதிர உதிர ஊதிவிட்டாள். வளைவு நீளம். பாதியில் கை வலித்தது, உதறிக்கொண்டு மறுபடி குனிந்தாள். முடிந்தபோது வாசலுக்கு முன்னால் சாலை வரை வெறும் இடம் இருந்தது. படமெடுக்க அங்கே ஒன்றுமில்லை.

அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், இப்ப ஆட்டோ நேரா வாசப்படிக்கே வந்துரும்," என்றாள். "இவ்வளவு நாளும் வலியோட வர்றவங்களைச் சுத்தி நடக்க விட்டிருக்கேன்."

பேனாவை எடுத்து ஆட்டோ ஏறி வருவதற்கு ஒரு சரிவு வரைந்தாள். அடியில் வைத்துப் பார்க்க அதற்குச் சிவப்புக் கோடு எதுவும் இல்லை. அந்தக் கையோடு மூலைக் கட்டத்தில் தன் பெயரை எழுதினாள். யாரும் எழுதச் சொல்லவில்லை. மை காயும்வரை நின்று ஷீட்டைச் சுருட்டினாள்.

மூன்று ஐம்பது. வாசல்வரை போனவள் நின்றாள்.

"சார், அந்தச் சுவர் எதுக்குன்னு நீங்களாவது சொல்லுங்க."

மீரான் சார் மேஜைமேல் கிடந்த கறுப்புத் தூளை உள்ளங்கையால் ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

"எனக்கும் தெரியாதும்மா. நான் மாணவனா இருந்தப்ப வரைஞ்சது. வருஷா வருஷம் யார் ஷீட்லயாவது வரைஞ்சு வைப்பேன். எல்லாரும் வாங்கி வச்சுக்கிட்டாங்க. நீதான் திருப்பிக் கொடுத்திருக்கே."